சமையலறையில் ரன்னர் விரிப்பு போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் சமையலறை குறுகலானது. இருபுறமும் மேடை, நடுவில் நடக்க 110 செ.மீ. இடம். தரை பளபளப்பான டைல்ஸ். குளிர்காலத்தில் பாதம் சில்லிட்டுப்போகிறது. இரண்டு மணி நேரம் நின்றால் குதிகால் வலிக்கிறது. 75 செ.மீ. அகலம், 240 செ.மீ. நீளத்தில் ஒரு ரன்னர் விரிப்பைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் கைத்தடி ஊன்றி நடக்கும் மாமியார் இருக்கிறார். வாங்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

தரைவிரிப்புகளைச் சலவை செய்வதும் பழுது பார்ப்பதுமே என் தொழில். வரவேற்பறை விரிப்புகள் என்னிடம் பல ஆண்டு உழைத்துவிட்டு வரும். சமையலறை ரன்னர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வந்துவிடும். அவற்றில் சில திரும்பிப் போவதே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு அந்த 240 செ.மீ. ரன்னர் வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் மட்டும் குட்டையான ஒரு விரிப்பு போதும், அதுவும் சில நிபந்தனைகளோடு. வேறு அமைப்புள்ள வீட்டிலிருந்து இதே கேள்வி வந்திருந்தால் "தாராளமாகப் போடுங்கள்" என்றே சொல்லியிருப்பேன். எந்த வீட்டுக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது விளங்க வேண்டுமானால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

குளிர், குதிகால் வலி, பார்வைக்கு அழகு என்று மூன்றையும் ஒரே விரிப்பிடம் எதிர்பார்க்கிறீர்கள். அழகைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. நல்ல நெசவுள்ள ஒரு நீள விரிப்பு குறுகலான சமையலறையின் முகத்தையே மாற்றிவிடும். குளிருக்கும் அது கைகொடுக்கும். டைல்ஸ் அறையிலுள்ள மரத்தையோ துணியையோ விடக் குளிர்ந்து கிடப்பதில்லை; பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இடையில் நூலும் நூலுக்கிடையே அடைபட்ட காற்றும் வந்துவிட்டால் அந்த இழுப்பு தடைபடும். 5 மி.மீ. கனமுள்ள கம்பளி விரிப்பே இதற்குப் போதும்.

குதிகால் வலிதான் வேறு கதை. கடையில் விரிப்பைத் தரையில் போட்டுக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்திப் பாருங்கள். விரலுக்குத் தரை தட்டுப்பட்டால், உடல் எடை முழுவதையும் சுமக்கும் குதிகாலுக்கு நிச்சயம் தட்டுப்படும். சாதாரண ரன்னர் எதை அழுத்தினாலும் தட்டுப்படத்தான் செய்யும். நின்று வேலை செய்பவர்களுக்கென்றே ஆன்டி ஃபெட்டீக் மேட் என்ற பெயரில் தடித்த பாய்கள் விற்கின்றன. பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையால் ஆனவை. 15 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும். அவற்றின் மேல் நிற்கும்போது பாதம் மிக நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசை அதற்கேற்ப இறுகித் தளர்வதால் கால் மரத்துப்போவது குறைகிறது. ஆனால் அதைவிட எளிய வழி, குதிகாலுக்கு நல்ல மெத்தை உள்ள, வீட்டுக்குள் மட்டும் அணியும் ஒரு ஜோடிச் செருப்பு. பாய் ஓரிடத்தில் கிடக்கும். செருப்பு அடுப்புக்கும் தொட்டிக்கும் உங்களோடு நடக்கும். பின்பக்கம் பிடிப்புள்ளதாக, ஈரத்தில் வழுக்காத அடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விரிப்பு கேட்டு வந்தவரிடம் செருப்பைச் சொல்லி அனுப்பினால் முகம் வாடிவிடுகிறது. இருந்தாலும் குளிருக்கும் வலிக்கும் சேர்த்து இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை. வலி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது தரையின் குற்றமாக மட்டும் இருக்காது.

இனி மாமியாரும் கைத்தடியும். இந்தப் பதிலில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான்.

என் பெரியம்மா விழுந்தது விரிப்பின் ஒரு மூலையால். சுருண்டிருந்த அந்த மூலை ஒரு விரல் உயரம்கூட இல்லை. கையில் பால் பாத்திரம் இருந்ததால் கால் எங்கே படுகிறது என்று அவர் பார்க்கவில்லை. கால் விரல் மூலைக்குள் நுழைந்தது, உடல் முன்னால் போயிற்று. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அந்த விரிப்பைச் சலவை செய்து விரித்தவன் நான். மூலை சுருண்டிருந்ததை விரிக்கும்போதே பார்த்தேன். மிதிபட்டால் தானாகப் படிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மூலை சுருண்ட எந்த விரிப்பையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. ஈரத்துணி போட்டு, பலகையும் கல்லும் ஏற்றி, படிந்த பிறகே கொடுக்கிறேன். படியாவிட்டால் சொல்லிவிடுகிறேன்.

பெரிய அறையின் நடுவே கிடக்கும் விரிப்பை முதியவர்கள் ஒதுங்கிச் சுற்றிப் போகலாம். 110 செ.மீ. நடைவழியில் 75 செ.மீ. அகல விரிப்பு கிடந்தால் ஒதுங்க இடம் ஏது? உள்ளே வரும்போது ஒரு முனையை ஏறிக் கடக்க வேண்டும், மறுபுறம் இறங்க வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. பக்கவாட்டில் மிஞ்சும் 17 செ.மீ. ஒரு பாதத்துக்குத்தான் போதும். ஒரு கால் விரிப்பிலும் ஒரு கால் டைல்ஸிலுமாக நடப்பது எல்லாவற்றிலும் மோசம். கைத்தடியின் ரப்பர் முனை டைல்ஸைக் கவ்விப் பிடிக்கும். விரிப்பின் மேல் ஊன்றினால் அது விரிப்பைத்தான் பிடிக்கும். விரிப்பு தரையைப் பிடித்திருக்கவில்லையானால் தடியும் விரிப்பும் சேர்ந்தே நகர்ந்துவிடும். சாய்ந்து நிற்கும் ஆதாரமே நகர்வது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதியோர் விழுவதைத் தடுக்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் வெளியிட்ட வீட்டுப் பாதுகாப்புக் கையேட்டில், தளர்வான விரிப்புகளை அகற்றிவிடுங்கள், அல்லது இருபுறமும் ஒட்டும் டேப்பாலோ வழுக்காத அடித்துணியாலோ நகராமல் செய்யுங்கள் என்று இருக்கிறது. கனத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்காக எழுதப்பட்ட 2010 ஆம் ஆண்டுத் தரவிதிகள், நடக்கும் தரையில் செங்குத்தான மேடு 6.4 மி.மீ. வரைதான் இருக்கலாம் என்கின்றன. அதற்கு மேல் 13 மி.மீ. வரை போனால் விளிம்பு சரிவாக இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கான விதிதான். உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தடி ஊன்றி நடப்பவர் உள்ள வீட்டில் நானும் இதே 6 மி.மீ. கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன நுரைப் பாய் 20 மி.மீ. கனம் என்பதையும் கவனியுங்கள். அதன் விளிம்பு சரிவாகவே இருந்தாலும் அவர் நடக்கும் பாதையில் அது கிடக்கக்கூடாது.

"வெறும் டைல்ஸில் தண்ணீர் சிந்தினால் அதுவும் வழுக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பளபளப்பான டைல்ஸும் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் இளைஞர்களே விழுவார்கள். தொட்டிக்கு முன்னால் ஒரு விரிப்பு வேண்டும் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான். தண்ணீர் சிந்தும் இடத்தில் மட்டும் துணி இருந்து அதை ஏந்திக்கொண்டால் போதும். நடைவழி முழுவதும் துணி பரப்ப அது காரணமாகாது.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். விரிப்பைக் கெடுப்பது மேலே விழும் கறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சமையலறை விரிப்பு அடியிலிருந்துதான் கெடுகிறது. ஒருமுறை இரண்டு மீட்டர் நீளப் பருத்தி ரன்னர் ஒன்று வந்தது. மேல்பக்கம் நிறம் மங்காமல், பார்க்கப் புதிது போலவே இருந்தது. புரட்டினேன். தொட்டிப் பக்கமாகக் கிடந்த விளிம்பிலிருந்து இரண்டு சாண் தூரத்துக்கு, கடுகை வாரி இறைத்தது போலக் கறுப்புப் புள்ளிகள். அடியில் பூசியிருந்த லேட்டக்ஸ் பூச்சு உள்ளங்கையில் ஈர மாவு போல உதிர்ந்து ஒட்டியது. கொண்டுவந்தவர் கலங்கிப்போனார். "தினமும் பெருக்குகிறேனே" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தினமும் பெருக்கித்தான் இருக்கிறார். ஆனால் அதைத் தூக்கிப் பார்த்தது நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான்.

கழுவிய தட்டைத் தொட்டியிலிருந்து அடுக்குக்கு மாற்றும்போது சொட்டும் நீர் மேடை விளிம்பு வழியாக இறங்கி, சரியாக நம் கால் விரல் இருக்கும் இடத்தில் விழும். ஒவ்வொரு முறையும் பத்துச் சொட்டுதான் என்பதால் கண்ணில் படாது. விரிப்பு அதைக் குடித்துவிடும். கீழே டைல்ஸ் நீரை உறிஞ்சாது. விரிப்பின் ரப்பர் அடி காற்றை விடாது. மிஞ்சியிருப்பது மேல்வழி ஒன்றுதான், அதன் மேல் நாம் நின்றுகொண்டிருக்கிறோம். நனைந்த துணியையும் விரிப்பையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல். தினமும் நனையும் விரிப்புக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. ஆகவே விரிப்பு வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: இரவு வேலை முடிந்ததும் இதைத் தூக்கி உலர்த்தப்போவது யார், எங்கே உலர்த்துவீர்கள்? இதற்கு உடனே பதில் சொல்பவர்களின் வீட்டில் விரிப்பு நன்றாக உழைக்கிறது. 240 செ.மீ. ரன்னரைத் தனி ஆளாக மடித்துத் தூக்கி, உலர்த்தி, காலையில் மறுபடி நேராக விரிப்பது பத்து நாளைக்கு நடக்கும். பதினோராம் நாள் நின்றுவிடும். 60 × 90 செ.மீ. விரிப்பை ஒரு கையால் எடுத்துக் கொடியில் போட்டுவிடலாம்.

அடுப்புக்கு முன்னால் எந்த விரிப்பும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். விலை குறைந்த ரன்னர்கள் பலவும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் நெய்யப்படுபவை. அந்த இழை ஏறத்தாழ 160 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். எண்ணெய் தெறித்த இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணாடித் துண்டு போலக் கெட்டிப்பட்ட விரிப்புகள் என்னிடம் வந்திருக்கின்றன. அதைச் சரிசெய்ய முடியாது. வெட்டி எடுக்கத்தான் வேண்டும். கொதிநீர் கொட்டினால் வெறும் தரையில் பரவிச் சீக்கிரம் ஆறிவிடும். விரிப்பு அதை உறிஞ்சிப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம், சூடான பாத்திரத்தோடு நாம் திரும்பும் இடம் அது. அப்படித் திரும்பும் புள்ளியில் விரிப்பின் விளிம்பு இருப்பதை என்னால் எந்த நிலையிலும் ஏற்க முடியவில்லை.

எந்த நூலில் வாங்குவது? கம்பளியைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். அதன் இழை மேல்பரப்பு தண்ணீரை உடனே ஏற்காது. சிந்தியது முத்து முத்தாக நிற்கும்போதே ஒற்றி எடுத்துவிடலாம். அதேசமயம் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரப்பதத்தை உள்வாங்கியும் கைக்கு ஈரமாகத் தெரியாது. எளிதில் தீப்பற்றாது, சூடு பட்டால் உருகாமல் கருகும், கருகியதைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் அடிக்கடி துவைக்க வேண்டிய இடத்துக்கு அது ஒத்துவராது. குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். புரதக் கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளும் கம்பளிக்கு ஆகாது, ஏனெனில் கம்பளியே புரதம்தான். இருட்டில் அசையாமல் கிடந்தால் அந்துப்பூச்சியும் அரிக்கும். ஆகவே தொட்டிக்கு முன்னால் போடுவதற்கு, ஜமுக்காளம் போலத் தட்டையாக நெய்த பருத்தியைத்தான் நான் சொல்வேன். தண்ணீரைக் குடிக்கும், இயந்திரத்தில் துவைக்கலாம், வெயிலில் காயும். முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். அளவு பார்க்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலிபுரொப்பிலீன் தண்ணீரை ஏற்பதில்லை, விரைவில் காயும், சாயம் இழைக்குள்ளேயே கலந்திருந்தால் நிறமும் போகாது. ஆனால் எண்ணெய் அதற்கு நெருங்கிய உறவு. பாலியெஸ்டரும் அப்படித்தான். சமைக்கும்போது காற்றில் எழும் நுண்ணிய எண்ணெய்த் துளி இழையில் படிந்து, அதில் தூசி ஒட்டி, மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். அந்தக் கறுப்பைச் சாதாரணச் சோப்பு நீரால் முழுதாக எடுக்க முடிவதில்லை. சணல் வேண்டவே வேண்டாம். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், நனைந்த சணல் பழுப்புக் கறை விட்டுக் காயும், ஈரத்திலேயே கிடந்தால் இற்றுப்போகும். பட்டு போல மினுக்கும் விஸ்கோஸ் விரிப்புக்கும் இதே பதில்தான். நனைந்தால் அந்த இழையின் வலு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும், காய்ந்த பிறகு மஞ்சளிக்கும். புசுபுசுவென்று முடி உயர்ந்த எதையும் சமையலறைக்குள் விடாதீர்கள். கண்ணாடிக் குவளை விழுந்து உடைந்தால் அதன் சில்லுகளை அந்த முடிக்குள் தேடுவது நடக்காத காரியம். தட்டை நெசவென்றால் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி வெளியே உதறிவிடலாம்.

விரிப்பின் அடிப்பக்கத்துக்கும் உங்கள் தரைக்கும் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டைல்ஸில் ரப்பர் அடி பொதுவாகச் சிக்கல் தராது. ஆனால் வினைல் தரையுள்ளவர்கள் ரப்பரையோ லேட்டக்ஸையோ அதன் மேல் நீண்டநாள் போடக்கூடாது. ரப்பரில் கலந்துள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகத் தங்கிவிடும். அது மேலே படிந்த அழுக்கு அல்ல, தரையின் நிறமே மாறிய நிலை. எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. விரிப்பை எடுத்தபோது அதே அளவில் மஞ்சள் செவ்வகம் பதிந்திருந்ததைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். மரத்தரையில் ஒளி படும் பகுதியும் மூடிய பகுதியும் வெவ்வேறு நிறமாகும் என்பதால் அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். புதிதாக மெருகு பூசிய மரத்தரை என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே விரிப்பு போட வேண்டும்.

வழுக்காத அடி என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எந்த ரப்பரும் சுத்தமான, காய்ந்த தரையைத்தான் பிடிக்கும். சமையலறைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் மெல்லிய படலமாக எப்போதும் இருக்கும். விரிப்பதற்கு முன் தரையைச் சோப்பு நீரால் துடைத்து, வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு விரிப்பின் ஓரத்தில் ஒரு காலை வைத்துக் குதிகாலால் முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இம்மியும் நகரக்கூடாது. ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் முதல் நாள் எல்லா விரிப்பும் பிடிக்கும். தனியாக அடிப்பாய் போடுவதானால் அதை விரிப்பைவிட எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. சிறிதாக வெட்டுங்கள், அப்போதுதான் விளிம்பு தரையோடு படியும். பிடிப்பு குறைந்துவிட்ட அடிப்பாயைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் பழைய பிடிப்பு திரும்பும். லேட்டக்ஸ் பூசிய விரிப்பைச் சூடான உலர்த்தியில் போடாதீர்கள். வெடித்து உதிரத் தொடங்குவது அங்கிருந்துதான்.

துவைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை உதறி, துவைத்து, கொடியில் விரித்துப் போட்டு இருபுறமும் காயவிட்டால் போதும். முதல் சலவைக்கு முன் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரிப்பின் ஓரத்தில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத்தான் துவைக்க வேண்டும். பாலோ முட்டையோ சிந்தினால் குளிர்ந்த நீர் மட்டும். சூடுநீர் பட்டால் புரதம் இழையிலேயே இறுகிவிடும். எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டுச் சிறிது நேரம் கழித்து அலசுங்கள். ஒரே அளவில் இரண்டு விரிப்பு வாங்கி வைப்பது நல்லது. ஒன்று காயும்போது மற்றொன்று தரையில் இருக்கும். ஈரம் காயாததையே மறுபடி விரிக்கும் கட்டாயம் வராது.

யார் வீட்டில் நீள ரன்னர் பொருந்தும் என்று கேட்டால், நடைவழி 120 செ.மீ.க்கு மேல் அகலமாக, சமையலறை வேறு எங்கும் போகும் வழியாக இல்லாமல், தடுக்கி விழக்கூடிய முதியவரோ தத்தித் தத்தி நடக்கும் குழந்தையோ இல்லாத வீடு. தரை மரமாக இருந்தால் இன்னும் பொருத்தம். பாத்திரம் விழுந்து பள்ளமாவதிலிருந்து ரன்னர் அதைக் காக்கும். ஆனால் செருப்பில் வரும் மணல் விரிப்புக்கு அடியில் சிக்கினால் உப்புத்தாள் போல மெருகை அராவிவிடும், எனவே அங்கேயும் தூக்கிப் பெருக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருபுறமும் 10 முதல் 15 செ.மீ. இடம் விட்டு, அடுப்புக்கு முன்பே விரிப்பு முடிந்துவிடும்படி நீளத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் ஒரு வாரச் சோதனை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை 60 × 90 செ.மீ. அளவுக்கு ஒட்டி, தொட்டிக்கு முன்னால் தரையில் டேப் போட்டுப் பொருத்துங்கள். கீழ் அலமாரிக் கதவு, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் அதன் கதவு, எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து பாருங்கள். தாளை உரசும் கதவு விரிப்பை இழுக்கும். பிறகு மாமியாரிடம் எதுவும் சொல்லாமல், அவர் வழக்கமாக வந்து தண்ணீர் எடுத்துப் போகும் பாதையைக் கவனியுங்கள். தாளின் மேல் எத்தனை முறை கால் வைக்கிறார், தடி எங்கே ஊன்றப்படுகிறது என்று பாருங்கள். அவர் பாதையும் தாளும் குறுக்கிட்டால், அவர் எழுந்து நடமாடும் நேரங்களில் அங்கே விரிப்பு இருக்கக்கூடாது. நீங்கள் பாத்திரம் கழுவும்போது விரித்து, முடிந்ததும் எடுத்துவிடும் சிறு விரிப்பு மட்டும்தான் சரி.

தாளை எடுத்துவிட்டு அடுத்த நாளிலிருந்து மூன்று நாளைக்கு அதே இடத்தில் ஒரு பழைய தடித்த துண்டைப் போடுங்கள். துண்டு நழுவும் என்பதால் நீங்கள் கழுவும் நேரத்தில் மட்டும் போட்டு, முடிந்ததும் எடுத்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மூன்று நாளும் காய்ந்தே இருந்தால் உங்களுக்கு விரிப்பே தேவையில்லை. செருப்பு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால், எந்தப் பக்கம் அதிகம் நனைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடம் நடுவில் வரும்படி, 6 மி.மீ.க்கு மிகாத தட்டை நெசவுப் பருத்தி விரிப்பு இரண்டு வாங்குங்கள். கழுவிய தட்டு அடுக்கும் இடத்தை இன்னும் ஒரு சாண் தொட்டியை ஒட்டி நகர்த்த முடியுமா என்றும் பாருங்கள். சொட்டும் தூரம் குறைந்தால் துண்டு நனைவதும் பெருமளவு குறைந்துவிடும்.